காய்கறிப் பெட்டி வடிவமைப்புப் போட்டி: அறுகோணம் எடுபடுமா?

மூன்றாமாண்டு_மாணவி:
மறுசுழற்சி பிளாஸ்டிக்கில், திரும்பத் திரும்பப் பயன்படும் காய்கறி, பழப் பெட்டி வடிவமைக்கும் மாணவர் போட்டிக்கு எங்கள் குழு தயாராகிறது. அறுகோணப் பெட்டி வரைந்திருக்கிறோம். பால் கேன் (எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலித்தீன்), தயிர் டப்பா (பாலிபுரொப்பிலீன்) இரண்டையும் அரைத்துக் கலந்து வார்க்கலாம் என்று யோசனை. எதில் மாட்டிக்கொள்வோம்?

அச்சுப்பட்டறைக்காரன்:
இரண்டிலுமே, அம்மா. அறுகோணம் எல்லாப் போட்டியிலும் ஒன்று வந்துவிடும். தேனீக்கள்மேல் நமக்கு அப்படியொரு பாசம். ஆனால் பெட்டி ஏறுவது செவ்வகப் பேலட்டில், அதாவது சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டில். 600×400 மி.மீ. அடிப்பாகம் என்றால் 1200×1000 பேலட்டில் அடுக்குக்கு ஐந்து, 1200×800-ல் நான்கு, இடைவெளியே இல்லாமல் உட்காரும். அறுகோணம் ஓரமெல்லாம் இடத்தை விட்டுவிடும்.

கலவைதான் பெரிய வம்பு. அந்த இரண்டு பிளாஸ்டிக்கும் உருகினாலும் ஒன்றோடொன்று கரையாது, பிரிந்தே நிற்கும். பெட்டி கீழே விழுந்தால் அந்த எல்லையில்தான் விரிசல் ஓடும். தண்ணீரில் போட்டுப் பிரிக்கவும் முடியாது, இரண்டும் மிதக்கும். பால் கேன் மட்டும் போதுமே என்பீர்கள். அது அச்சுக்குள் காற்றை ஊதி வார்க்கும் ரகம். உருகினால் கெட்டியாக, மெதுவாக நகரும். உங்கள் பெட்டிக்கு வேண்டியது ஊசி வார்ப்பு, உருகியதை அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது. அதில் பெட்டிச் சுவரைத் தாங்கும் மெல்லிய விலாக்களுக்குள் இது போய்ச் சேராது. உடைந்த பழைய எச்டிபிஇ கிரேட்டுகளை அரைத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஊசி வார்ப்பு ரகம், குளிர் அறையிலும் அடி தாங்கும். சாதாரண பாலிபுரொப்பிலீன் பூஜ்யம் டிகிரியை நெருங்கினாலே நொறுங்கும்.

கிடங்கு_மேலாளர்:
காலிப் பெட்டி திரும்பும்போது லாரி காற்றைச் சுமக்கக் கூடாது. 180 டிகிரி திருப்பினால் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற மாதிரி செய்யுங்கள். காற்றுத் துளைகள் அடுக்கியபின்னும் நேருக்கு நேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுப்பெட்டியில் சூடு தேங்கி அழுகல்தான். துளை விளிம்பை உருட்டிவிடுங்கள், கூராக இருந்தால் தக்காளித் தோல் கிழியும். கழுவியபின் தண்ணீர் நிற்கும் மூலை ஒன்றுகூட வேண்டாம். கறுப்பு நிறமும் வேண்டாம்: கரித்தூள் கலந்த பிளாஸ்டிக்கை, அகச்சிவப்பால் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் அடையாளம் காணாது.

மூன்றாமாண்டு_மாணவி:
நன்றி அண்ணா, சார். திருப்பி அடுக்குவதற்குப் பதில் மடக்கும் பெட்டி செய்தால்?

அச்சுப்பட்டறைக்காரன்:
இடம் இன்னும் மிச்சமாகும். ஆனால் முதலில் உடைவது கீல்தான், சேறு சேர்வதும் அங்கேதான். பக்கச் சுவரைக் கருவி இல்லாமல் கழற்றி மாட்டும்படி வையுங்கள். கீலும் அதே எச்டிபிஇ-யில் இருக்கட்டும். இரும்புக் கம்பி செருகினால், பின்னால் அரைக்கிறவன் பிளேடு போய்விடும்.