புதுப்பிப்பு: தொட்டிக்குள் இறங்கும் வேலை என்ன ஆனது?

கடலூர் சிப்காட் பக்கம் எங்கள் யூனிட்டில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தம்பி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார், முகத்தில் ஈரத்துண்டு மட்டும்தான் என்று போன மாதம் எழுதியிருந்தேன். தம்பி நலம். வேலைக்கு வந்துவிட்டார்.

வாயு மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மூடி ஓரத்தில் ஆக்சிஜன் 20.8 சதவீதம், அடியில் 17. அது 19.5-க்குக் கீழே போனாலே ஆள் இறங்கக் கூடாது. அதோடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. காற்றைவிடக் கனம், சகதியைக் கிளறினால் குபுக்கென்று கிளம்பும்.

"அழுகின முட்டை நாத்தம் வந்தா ஏறிடுவேன் சார், இருபது வருசமா இறங்குறேன்" என்றார் ஃபிட்டர் அண்ணன். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வாயு) அளவில் மூக்கே மரத்துப்போகும் அண்ணே, நாத்தம் நின்னாத்தான் பயப்படணும் என்று புரியவைக்க இரண்டு டீ ஆனது. தூசி மாஸ்க் வாயுவைத் தடுக்காது என்பதை இன்னும் நம்பவில்லை!

ஆளே இறங்காமல் முடிப்பதுதான் முதல் வழி. சகதி பம்ப்பும் தண்ணீர் ஜெட்டும் மேலிருந்தே முக்கால்வாசியை முடித்துவிட்டன. மீதிக்கு, காற்று ஊதும் புளோயர் குழாயை அடிவரை விட்டு, மறுபடி அளந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றை மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள இறங்கினோம். மூச்சுக் கருவி, பெல்ட், கயிறு எல்லாம் பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே இருந்தது. நாங்கள்தான் புரட்டிப் பார்க்கவில்லை.

மேலே நிற்பவர் பதறிப்போய் உள்ளே குதிக்கக் கூடாது என்று மூடியிலேயே பெயிண்டில் எழுதிவிட்டோம். உள்ளே விழுந்தவரை மேலிருந்தே தூக்குவதற்கு முக்காலி வின்ச் (மூன்று கால் தாங்கியில் மாட்டிய கயிறு சுற்றும் கருவி) கேட்டிருக்கிறேன். "அடுத்த மாசம்" என்கிறார் முதலாளி.