தினமும் ஓட்ட டபிள்யூஆர்எக்ஸ்: எந்த ட்ரிம் எடுத்தீர்கள், எப்படி இருக்கிறது?

டென்வர்வாசி:

ஸ்போர்ட்டியான ஆல்-வீல் டிரைவ் செடான் வேண்டும், ஆனால் ஆபீசுக்கும் அதிலேயே போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அதுதான். அமெரிக்காவில் இப்படித் தேடுகிற நம்மவர்கள் பலரும் கடைசியில் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் முன்னால் வந்து நிற்கிறார்கள். குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். பேஸ், பிரீமியம், லிமிடெட், ஜிடி, 2024-இல் வந்த டிஆர், 2025-இல் வந்த டிஎஸ் என்று ட்ரிம்கள், அதாவது ஒரே காரின் வெவ்வேறு வசதி நிலைகள், வரிசையாக நிற்கும். நான் எடுத்தது 2024 பிரீமியம், மேனுவல் கியர். காரணங்களை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த ட்ரிம் எடுத்தாலும் இன்ஜின் ஒன்றுதான். 2022-இல் வந்த இந்தத் தலைமுறையில் 2.4 லிட்டர் டர்போ பாக்ஸர் (பிஸ்டன்கள் எதிரெதிரே படுத்தவாக்கில் இயங்கும் இன்ஜின்), 271 குதிரைத்திறன். பேஸ் மாடலில் இருப்பதுதான் டிஎஸ்-இலும் இருக்கிறது. பழைய எஸ்டிஐ மாதிரி தனியாக சக்தி கூட்டிய மாடல் இந்தத் தலைமுறைக்கு வராது என்று 2022 மார்ச்சிலேயே சுபாரு அறிவித்துவிட்டது. அதனால் மேலே போகப் போக நாம் கொடுக்கும் பணம் வேகத்துக்குப் போவதில்லை. சீட், டேம்பர் (குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர்), பிரேக், சக்கரம், கியர்பாக்ஸ், ஸ்பீக்கர், இவற்றுக்குத்தான் போகிறது. ட்ரிம் பெயரை மறந்துவிட்டு இந்தப் பொருள்களில் எது உங்களுக்குத் தினமும் வேண்டும் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டெஸ்ட் டிரைவ் என்றால் டீலர் நல்ல ஹைவேயாகப் பார்த்துக் கூட்டிப் போவார். அங்கே எல்லா வண்டியும் அருமையாகத்தான் ஓடும். நான் என் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் ரயில்வே கிராசிங் ஒன்று, அதைத் தாண்டினால் பள்ளி, பள்ளி வாசலில் காலையில் நீளமான வரிசை. பிரீமியத்தை அந்த வரிசையில் நிறுத்தி நிறுத்தி நகர்த்திப் பார்த்தேன். கிளட்ச் கனமாக இல்லை, பிடிக்கும் இடம் சட்டென்று புரிந்தது, ஏற்றத்தில் நின்றால் வண்டி தானே பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டது. ரயில்வே கிராசிங்கில் குலுக்கல் நன்றாகவே தெரிந்தது. பின் சீட்டில் இருந்த என் மனைவி, "இதைத் தினமும் தாங்கலாம், இதற்கு மேல் வேண்டாம்" என்றார். எங்கள் வீட்டில் முடிவு அந்த இடத்தில்தான் ஆனது.

பேஸ் ஏன் எடுக்கவில்லை? அதில் சீட் ஹீட்டர் கிடையாது. கொலராடோ குளிரில் காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கிறவருக்கு சீட் ஹீட்டரும், வைப்பர் அடியில் உறையும் பனியை உருக்குகிற கம்பியும் ஆடம்பரம் இல்லை. பிரீமியத்திலிருந்து இரண்டும் உண்டு. ஒரு குறை: 11.6 அங்குலத் திரையில் சீட் ஹீட்டரைத் தொட்டுத்தான் போட வேண்டும், கையுறையோடு தொட்டால் எடுக்காது. உஷ்ணத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் நல்லவேளையாகத் திரையின் இரு பக்கமும் தனிப் பட்டன் வைத்திருக்கிறார்கள்.

லிமிடெட் எடுத்தால் சன்ரூஃப், ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர், மின்சாரத்தில் நகரும் ஓட்டுநர் சீட் எல்லாம் வரும். நல்ல வண்டிதான். ஆனால் அந்த வித்தியாசப் பணத்தில் குளிர்கால டயர் ஒரு செட் தனி ரிம்மோடு வாங்கிவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இந்த வண்டி கடையிலிருந்து வரும்போது கோடை டயரோடுதான் வருகிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிவிடும். அக்டோபரிலேயே பனி விழக்கூடிய ஊரில் அந்த டயரோடு இருப்பது ஆபத்து. நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதால் கிளம்பும்போது எதுவும் தெரியாது, அழகாகக் கிளம்பும். பிரேக் போடும்போது ஆல்-வீல் டிரைவுக்கு வேலையே இல்லை, டயர் பிடித்தால்தான் நிற்கும். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துச் சரிவில், முன்னால் போன ஆல்-வீல் டிரைவ் கார் ஒன்று பிரேக் விளக்கு எரிய எரிய மெதுவாக வழுக்கிக்கொண்டே சிக்னலைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். குறுக்கே யாரும் வராததால் தப்பித்தார். ஐ-70 சாலையில் மோரிசனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே செப்டம்பரிலிருந்து மே வரை டயர் சட்டமே இருக்கிறது, டயரில் வெட்டியிருக்கும் தடத்தின் ஆழம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும்.

மற்றபடி மலை ஏறுவதற்கு டர்போ பெரிய வரம். டென்வரே 5,280 அடி, ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. டர்போ இல்லாத வண்டிகள் அங்கே மூச்சு வாங்கும், இது அவ்வளவாகத் தளராது. பெட்ரோல் போடும்போது கவனம். எங்கள் ஊரில் ரெகுலர் என்பது 85 ஆக்டேன். இந்த இன்ஜினுக்கு 91 போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மைலேஜ் கணக்கில் அரசாங்க மதிப்பீடு மேனுவலுக்கு நகரில் காலனுக்கு 19 மைல், ஹைவேயில் 26. என் வண்டியும் கிட்டத்தட்ட அதே கொடுக்கிறது.

பாஸ்டன் பக்கம்:

டென்வர் நண்பரே, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லோருக்கும் மேனுவல் சரிப்படாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே கார், நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறோம், இரண்டு பேருக்கும் ஆபீஸ் போகிற வழி முழுக்க ஊர்ந்து போகிற டிராஃபிக். அதனால் ஜிடி எடுத்தோம். ஜிடி ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் கிடைக்கும்.

அந்த ஆட்டோமேட்டிக் சிவிடி வகை, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றுவது. ஆர்வலர்கள் பலரும் அதைப் பற்றி நல்லதாகப் பேச மாட்டார்கள். நான் ஓட்டுகிற விதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அழுத்தி ஓட்டும்போது எட்டு கியர் போலப் படி பிரித்துக் கொடுக்கிறது, மெதுவாகப் போகும்போது சத்தமே இல்லாமல் நழுவுகிறது. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைத்து நிற்கிற வசதி, டிராஃபிக்கில் முழங்காலைக் காப்பாற்றுகிறது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: ஆட்டோமேட்டிக்கில் ஆல்-வீல் டிரைவ் அமைப்பே வேறு. மேனுவலில் சக்தி முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரியும், நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துகிற, கெட்டித் திரவம் உள்ள இணைப்பு). ஆட்டோமேட்டிக்கில் முன்னால் 45, பின்னால் 55 என்று கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து, கணினி அதைத் தேவைக்கு மாற்றுகிறது. திருப்பத்தில் வண்டி மூக்கைத் திருப்புவது இதில் எனக்கு இலகுவாகத் தெரிந்தது.

ஜிடி-க்குப் பணம் கொடுத்ததற்கு உண்மையான காரணம் எலெக்ட்ரானிக் டேம்பர். குளிர்காலம் முடிந்த பிறகு எங்கள் ஊர்ச் சாலைகளில் இருக்கிற குழிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கம்ஃபர்ட் மோடில் போட்டால் குழியின் முதல் அடி மட்டும் தெரியும், அதற்கப்புறம் வருகிற ஆட்டம் அடங்கிவிடும். ஸ்போர்ட்டில் போட்டால் அதே குழியில் பின்னால் இருக்கிற என் மகள் விழித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகும்போது மட்டும் ஸ்போர்ட்.

ஜிடி-யில் வருகிற, பக்கங்களில் அணைத்துப் பிடிக்கும் ரெக்காரோ சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு அந்த அணைப்பு பிடிக்கும். என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது பக்கத்து மேடு தொடையில் இடித்து, ஏறி இறங்கச் சிரமப்பட்டார். பெரியவர்கள் அடிக்கடி முன் சீட்டில் வருகிற வீடு என்றால் பிரீமியம், லிமிடெட் சீட்டே போதும்.

எடிசன் தம்பி:

நான் டிஆர் வைத்திருக்கிறேன், 2024. ரெக்காரோ சீட், பிரெம்போ கம்பெனி பிரேக், 19 அங்குலச் சக்கரம், சன்ரூஃப் இல்லை, மேனுவல் மட்டும். பிரேக்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். முன்னால் ஆறு பிஸ்டன் காலிப்பர் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்). மிதியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு மட்டும் பிடிக்கும், நடுவில் பஞ்சு மாதிரி அமுங்குவது கிடையாது. வருஷத்தில் அவ்வப்போது ரேஸ் டிராக்குக்குப் போகிறவன் என்பதால் எனக்கு இது தேவை. ஆபீசுக்கு மட்டும் போகிறவர் இந்தப் பிரேக்கின் கால்வாசியைக்கூடத் தொட மாட்டார்.

தினசரி ஓட்டத்தில் இதற்கு இரண்டு இடத்தில் விலை கொடுக்கிறோம். ஒன்று, டயரின் பக்கச்சுவர் மிகக் குட்டை, 245/35 (அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 35 சதவீதம்). குழியில் இறங்கினால் ரிம்தான் அடி வாங்கும். குழி தெரிந்தால் லேன் மாறுகிறேன், மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஏறவே மாட்டேன். இரண்டாவது, குளிர்காலத்துக்குச் சின்ன ரிம் போடலாம் என்றால் 17 அங்குலம் பிரெம்போ மேல் ஏறாது. 18-இலும் எல்லா டிசைனும் உட்காராது, காலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்து வாங்க வேண்டும்.

அப்புறம் ஆல்-வீல் டிரைவ் வாங்குகிற யாரும் மறக்கக் கூடாத ஒன்று. எனக்கு ஒரு டயரில் பக்கச்சுவரோரமாக ஸ்க்ரூ ஏறியது. அந்த இடத்தில் பஞ்சர் ஒட்ட முடியாது. கடைக்காரர் ஆழமானியைத் தடத்துக்குள் விட்டுப் பார்த்தார், மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது சுபாரு. அதைத் தாண்டினால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற நடு டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். புது டயரைச் சீவி மற்றவற்றின் ஆழத்துக்குக் கொண்டுவந்து தருகிற கடைகள் உண்டு. மூன்றும் இன்னும் நன்றாக இருந்தால் அது லாபம். என் விஷயத்தில் நான்கையும் மாற்றுவதே சரியாக இருந்தது. 19 அங்குலத்தில் நான்கு நல்ல டயர் என்ன விலை என்பதை வண்டி வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மினியாபொலிஸ்:

கொஞ்சம் விலகிச் சொல்கிறேன், மன்னிக்கவும். நானும் டபிள்யூஆர்எக்ஸ் பார்க்கத்தான் போனேன், மாஸ்டா3 டர்போ செடானோடு வீட்டுக்கு வந்தேன். 2.5 லிட்டர், 93 ஆக்டேன் போட்டால் 250 குதிரைத்திறன், சாதாரண 87 போட்டால் 227. எனக்கு 87 போதும், மாதக் கடைசியில் அது பணப்பையில் தெரிகிறது. ஆறு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்தால் அமைதி. ஹைவேயில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், நாங்கள் இருவரும் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போகலாம். டபிள்யூஆர்எக்ஸ்-இல் டயர் சத்தம் இதைவிட நிறைய.

ஆனால் வளைவான சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சுபாரு கொடுக்கிற உற்சாகம் இதில் இல்லை. பின் சீட்டும் இதில் நெருக்கம். உயரமான பிள்ளைகள் இருந்தால் சுபாருதான்.

டென்வர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தனியாக எழுதிக் கேட்ட நண்பருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். பழைய வண்டி எடுப்பதா, எந்த வருஷம் என்று கேட்டிருந்தார்.

மேனுவல் வேண்டும், ஐசைட் பாதுகாப்பு வசதியும் (கேமரா மூலம் முன்னால் பார்த்து எச்சரித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் போடுவது) வேண்டும் என்றால் 2024 அல்லது அதற்குப் பிறகுதான். 2022, 2023 மேனுவல் வண்டிகளில் ஐசைட் கிடையாது, ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொடுத்தார்கள். அது தேவையில்லை என்றால் 2022 பிரீமியம் நல்ல தேர்வு. ஜிடி-யின் டேம்பரும் வேண்டும், கிளட்சும் வேண்டும் என்கிறவருக்கு 2025 டிஎஸ் இருக்கிறது. எலெக்ட்ரானிக் டேம்பர், ரெக்காரோ, பிரெம்போ எல்லாம் மேனுவலோடு சேர்ந்தே வரும், ஆனால் 2025-இல் புதிதாக வந்தபோதே விலை 45 ஆயிரம் டாலரைத் தாண்டியது, சக்கரமும் 19 அங்குலம். எடிசன் தம்பி சொன்ன டயர் கணக்கு அதற்கும் பொருந்தும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஆழமானி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், சில டாலர்தான். நான்கு டயரையும் அளந்து பாருங்கள். நான்கும் ஒரே பிராண்டா, தேய்மானம் ஒரே அளவா என்பதே முன்னால் வைத்திருந்தவர் வண்டியை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று பாதி சொல்லிவிடும். பானெட்டைத் திறந்தால் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய்) கம்பெனி கொடுத்ததா என்று பாருங்கள். வெளியிலிருந்து வாங்கி மாட்டியிருந்தால் இன்ஜின் ட்யூன் செய்தாரா, அதாவது கணினி அமைப்பை மாற்றினாரா என்று நேராகவே கேளுங்கள், தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த வண்டிக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்லது 6,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்றிய ரசீதுகளையும் கேளுங்கள். கிளட்ச் பார்க்க, மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.