கிழட்டு அரசன் செத்ததும் வந்த கலகம்

குரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டில் 1066-ஆம் ஆண்டிலிருந்து சோழராக ஆடியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். கிழட்டு அரசன் இருக்கும்வரை சிற்றரசர் வாய் திறக்க மாட்டார்கள். மகன் ஏறியதும் கூட்டம் கூடிவிடும். தகப்பன்மேல் இருந்த பயம் மகன்மேல் வராது. புதிதாய் ஏறியவன் என்பதாலேயே மதிப்பும் குறையும்.

எனக்கு இது வந்தது ஒட்டுசுட்டானில் மச்சான் வீட்டில். எட்டிப் பார்த்தவன், "உவங்கள் எங்கட வன்னிபங்கள் மாதிரியெல்லோ" என்றான். சரியாகத்தான் சொன்னான், வன்னிபங்கள் என்றால் இலங்கையின் வடக்கே வன்னியை ஆண்ட சிற்றரசர்கள். 1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனை இங்கே எல்லோருக்கும் தெரியும், அவர் எதிர்த்தது பிரிட்டிஷாரை. அதற்கு முந்திய வன்னிபங்கள் யாழ்ப்பாண அரசருக்கு யானையைத் திறையாகக் கொடுத்தவர்கள். மேலே இருப்பவன் தளர்ந்தால் அவர்களும் தம்பாட்டில் இருந்துகொள்வார்கள்.

விளையாட்டில் இதற்குக் கணக்கு உண்டு. கலகக் கூட்டத்தின் படைபலம் உங்கள் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டினால் அதிருப்தி ஏறும். அந்த அதிருப்தி 100 ஆனதும் இறுதி எச்சரிக்கை வரும். வெளியே நீண்ட போர் நடத்திப் படை கரைந்திருந்தால் அந்த 80 தானாகவே வந்துவிடும். மந்திரிசபையில் எல்லோருக்கும் இடம் கொடு என்பார்கள். இருப்பதே சில இடங்கள், பலமான சிற்றரசனுக்குக் கிடைக்காவிட்டால் அவன் உங்கள்மேல் வைத்திருக்கும் மதிப்பில் 40 புள்ளி போகும். எனக்குக் கல்யாணம்தான் கைகொடுத்தது. தங்கையை ஒருவனுடைய மகனுக்குக் கட்டிவைத்துக் கூட்டணி செய்தேன். கூட்டாளி ஆனவன் கலகத்தில் சேர முடியாது. இன்னொருவனின் ரகசியத்தை ஒற்றன் பிடித்துத் தந்தான், அந்தப் பிடி பலமானதாக இருந்ததால் அவனும் விலகினான்.

மிச்சம் இருந்தவர்களை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். பிரிந்துபோக விடு என்று எச்சரிக்கை வந்ததும் மறுத்தேன். அவர்கள் படைகள் ஒன்றுசேர முன்னமே ஒன்றை அடித்துவிட்டு, நேரே தலைவனின் தலைநகரை முற்றுகையிட்டேன். கோட்டை விழுந்தபோது அவனும் உள்ளே அகப்பட்டான். கலகத் தலைவன் பிடிபட்டால் போர்ப் புள்ளி ஒரேயடியாக 100, அதாவது முழு வெற்றி, ஊர் ஊராக அலையத் தேவையில்லை. போர் முடிந்ததும் அத்தனை பேரும் சிறையில். கலகக்காரனிடம் பட்டத்தைப் பறித்தால் கொடுங்கோலன் என்ற பெயரும் வராது. தலைவனின் பெரிய நாட்டைப் பறித்துச் சின்ன ஆள் ஒருவனுக்குக் கொடுத்தேன், மற்றவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டேன்.

விட்டவர்களில் ஒருவன் இப்போது மறுபடி ஆள் சேர்க்கிறான். இந்த முறை பிரிந்துபோகக் கேட்கவில்லை, என் தம்பியை அரியணையில் ஏற்றவேண்டுமாம்.