காதுப் பட்டை மாஸ்க்: மும்பை ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கொரோனா வந்தது எதனால்?

செம்பூர் முருகன்:
"2020ல் மும்பை நர்ஸ்களுக்குத் தொற்று வந்தது பிபிஇ என்கிற பாதுகாப்பு உடையைக் கழற்றத் தெரியாததால்தான்" என்று ரகு சார் இன்னொரு திரியில் எழுதியிருக்கிறார். உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவர்கள் தலையிலேயே பழியா?

மாட்டுங்கா ரகு:
எழுதினேன், மாற்ற மாட்டேன். முதலில் கிளவுஸ், அடுத்து கவுன், கை சுத்தம், கண்ணாடி, திரும்பவும் கை சுத்தம். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் மாஸ்க். அதன் முன்பக்கத்தைத் தொட்ட கை முகத்துக்குப் போனால் முடிந்தது கதை.

தாராவி செல்வி:
போட்டுக்கொண்டது என்ன மாஸ்க் என்று முதலில் சொல்லுங்கள். காதுப் பட்டை! என்95 மாஸ்க்கின் 95 சதவீதம் என்பது வடிகட்டும் துணியின் கணக்கு. ஓரம் முகத்தில் ஒட்டாவிட்டால் காற்று இடைவெளி வழியாகத்தான் போகும். காதுப் பட்டைக்கு முகத்தோடு இழுத்துப் பிடிக்கும் பலம் குறைவு. தலைப் பட்டை மாஸ்க் என்றால் ஒரு பட்டை பின்மண்டையில், ஒன்று கழுத்தில், மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்த வேண்டும். மாஸ்க்கைக் கையால் மூடிப் பிடித்து ஊதும்போது கண் பக்கம் காற்று வந்தால் திரும்ப மாட்ட வேண்டும். ஃபிட் டெஸ்ட் தனி: தலையில் ஹூட் மாட்டி சாக்கரின் தெளிப்பார்கள், இனிப்பு தெரிந்தால் அந்த மாஸ்க் அந்த முகத்துக்கு ஆகாது.

மாட்டுங்கா ரகு:
காதுப் பட்டையில் கிளிப் போட்டுப் பின்னால் இழுத்தால் போதும், மேடம்.

தாராவி செல்வி:
கிளிப் போட்டு ஃபிட் டெஸ்டில் தேறினால் போடட்டும். டெஸ்ட் வைக்காமல் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு நர்ஸைக் குறை சொல்கிறீர்கள். தாடி இருந்தாலும் ஓரம் ஒட்டாது, அதை டாக்டர்களிடம் சொல்லிப் பாருங்களேன்.

செம்பூர் முருகன்:
டீ குடிக்கும் அறையை ஏன் யாரும் பேசவில்லை? ஜன்னல் சாத்தி ஸ்ப்ளிட் ஏசி போட்டால் அதே காற்றுதான் சுற்றும். மாஸ்க்கை இறக்கிச் சாப்பிடும் இடமே அதுதான். தொற்று நோயாளியின் தனியறைக்கு மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பார்கள், ஊழியர் அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் விசிறிகூட இல்லை.

மாட்டுங்கா ரகு:
இவருக்கு எல்லாத் திரியிலும் ஏசிதான். வால்வு மாஸ்க் விவாதத்திலும் இதையே இழுத்தார்.

தாராவி செல்வி:
அந்த விவாதத்தில் வால்வு மாஸ்க்குக்கு வக்காலத்து வாங்கியது யார்? 2020 ஜூலையில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமே வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. போட்டவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியேறும், பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்குத்தான் ஆபத்து. மலேரியா மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைக் கொரோனாவுக்குக் கவசம் என்றதும் நீங்கள்தான்.

மாட்டுங்கா ரகு:
பழையதைக் கிளறாதீர்கள். கழற்றும் வரிசைக்குப் பதில் எங்கே?

தாராவி செல்வி:
வரிசை சரி, எல்லோரும் பின்பற்றட்டும். ஷிஃப்ட் முழுக்க ஓரத்தில் உள்ளே போன காற்றை, சரியாகக் கழற்றி வெளியே எடுக்க முடியுமா? காதுப் பட்டைக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.