ஐந்து மாதம் நின்ற 911: வந்த புகை நீலமா, வெள்ளையா?

உருளைராசன்:
நேற்று வேறோர் இழையில் ‘ஆமைவேகம்’ என்னும் நண்பர் தமது 2003ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா பற்றி ஆலோசனை கேட்டிருந்தார். நவம்பரில் நிறுத்திய காரை ஏப்ரலில் முதன்முறையாக ஸ்டார்ட் செய்தபோது பின்புறச் சுவரே மறையுமளவுக்குப் புகை எழுந்ததாகவும், இருபது வினாடிகளில் அது அடங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அதற்குக் ‘கராஜ்த்தம்பி’ அளித்த தீர்ப்பு இதுதான்: “வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பாகத்தின் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினை இறக்குங்கள்.” இருபது வினாடிப் புகைக்கு ஒருவரின் எஞ்சினை இறக்கச் சொல்லும் துணிச்சலைப் பார்த்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆகவே இத்தனி இழை.

அந்தக் காரின் எம்96 எஞ்சினில் ஆறு உருளைகளும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் உருளையில் எண்ணெய் தானாகக் கீழே வடிந்துவிடும். படுத்த உருளையிலோ அது கீழ்ச்சுவரில் தேங்கி, பிஸ்டன் வளையங்களின் இடைவெளி வழியே எரியறைக்குள் மெல்லக் கசியும். ஐந்து மாதம் நின்ற கார் அந்த எண்ணெயை முதல் ஸ்டார்ட்டில் எரித்துத் தீர்ப்பது இயல்பு. எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக இருக்கும். அவர் இணைத்த காணொளியை ஏழு முறை பார்த்தேன். புகை நீலம்.

கராஜ்த்தம்பி:
வணக்கம் ஐயா. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினான்கு வருடங்களாகக் கார் திருத்தி வருகிறேன். நீங்கள் ஏழு முறை பார்த்த காணொளியை நான் ஒரு முறைதான் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது. பன்னிரண்டாவது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். புகை வெள்ளை. எம்96 எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுவது எங்கள் தொழிலில் எவருக்கும் புதிய செய்தியன்று. வெடிப்பின் வழியே கூலன்ட் இரவோடிரவாகச் சிலிண்டருக்குள் கசிந்தால், காலையில் வருவது வெள்ளைப் புகையே. அந்த எஞ்சினில் ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். அது என் துணிச்சல் அல்ல, அந்தக் காரின் அமைப்பு.

ஆமைவேகம்:
இருவருக்கும் நன்றி. சில விவரங்களைச் சேர்க்கிறேன். கூலன்ட் மட்டம் நவம்பரில் குறித்த கோட்டிலேயே நிற்கிறது. எண்ணெய் மட்டம் காட்டும் கோடுகளில் ஒன்று குறைந்துள்ளது. வீட்டு முன்றல் இடப்புறமாகச் சற்றுச் சாய்வானது. நிறத்தைப் பொறுத்தவரை, நேரில் எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது, கைத்தொலைபேசியில் நீலமாக விழுந்திருக்கிறது, என் மனைவி சாம்பல் என்கிறார்.

உருளைராசன்:
கேமரா நீலம் என்கிறது. நானும் நீலம் என்கிறேன். கண்ணை நம்பி எஞ்சினை இறக்க முடியாது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகள் நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும் என்று இயற்பியலாளர் டிண்டால் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். எரிந்தும் எரியாமலும் வெளிவரும் எண்ணெய்த் துளிகள் அத்தகைய நுண்துளிகள். நீராவித் துளிகள் பெரியவை, எல்லா நிறங்களையும் சமமாகச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிபவை. கறுத்த பின்னணியில் பார்த்தால் எண்ணெய்ப் புகையின் நீலம் துலங்கும். வெளிச்சமான வானத்தை எதிரே வைத்துப் பார்த்தால் அதே புகை பழுப்பாகக்கூடத் தெரியும். இத்தனையும் பதினான்கு வருட ஸ்பானர் அனுபவத்தில் கிடைக்காது.

கராஜ்த்தம்பி:
ஸ்பானர் பிடித்த கையைக் கேலி செய்வது எளிது. ரொறன்ரோவின் ஏப்ரல் காலையில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். ஐபோன் அந்த வெளிச்சத்தில் பனியையே நீலமாகக் காட்டும். பனியும் எண்ணெயால் ஆனதென்பீர்களா? மேலும் ‘உருளை, உருளை’ என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு உருளைக்கிழங்குதான் நினைவுக்கு வருகிறது. சிலிண்டர் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

உருளைராசன்:
தமிழில் எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எனக்கில்லை. உருளை என்பது பாடநூல்களில் உள்ள சொல். கிழங்கை நினைவுபடுத்துவது அவரவர் பசியைப் பொறுத்தது. ‘கேஸ்கட்’ என்பதைத் தமிழில் எழுத முயன்றிருந்தால் அதைப் பற்றிச் சற்று யோசித்திருப்பீர்கள். யோசித்திருந்தால் இறக்கச் சொல்லியிருக்க மாட்டீர்கள். புகை நீலம்.

அளவுகோல்:
இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நிறத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது என்று கருதுகிறேன். இந்த எஞ்சினில் காற்று எண்ணெய் பிரிப்பான் என்றொரு பாகம் உண்டு. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரித்துவிட்டுக் காற்றை மட்டும் உள்ளிழுப்புக் குழாய்க்கு அனுப்புவது அதன் வேலை. உள்ளிருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால், எஞ்சின் எண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். அப்போது வரும் புகை எண்ணெய்ப் புகைதான். ஆனால் அடர்த்தி காரணமாக வெள்ளை மேகமாகவே தெரியும்.

சோதிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் இறுகியிருந்தால் பிரிப்பானைச் சந்தேகிக்கலாம். மூடியில் மானோமீட்டர் என்னும் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தால், நல்ல பிரிப்பான் சுமார் 4 முதல் 6 அங்குல நீர்மட்ட வேறுபாட்டைத்தான் காட்டும். அதைவிட மிகவும் ஏறினால் மாற்றிவிடலாம். தள்ளிப்போடுவது நல்லதல்ல: சிலிண்டருக்குள் அதிக எண்ணெய் தேங்கினால், அழுத்த முடியாத திரவத்தை அழுத்த முயன்று பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

உருளைராசன்:
அளவுகோல் எழுதியதை நிதானமாகப் படித்தால், எரிவது எண்ணெய் என்று அவரும் ஒப்புக்கொள்வது விளங்கும். எண்ணெய் என்றால் நீலம். அடர்ந்த நீலம் வெள்ளையாகத் தோன்றலாம். தோற்றம் வேறு, நிறம் வேறு. கராஜ்த்தம்பிக்கு இதில் மறுப்பு இருக்கிறதா?

கராஜ்த்தம்பி:
இருக்கிறது. ‘வெள்ளை மேகமாகவே தெரியும்’ என்று அவர் எழுதியிருக்கிறார். வெள்ளை என்ற சொல் அங்கே இருக்கிறது. நீலம் என்ற சொல்லை அவருடைய பதிவில் எங்கும் காணவில்லை.

பிரிப்பான் என்றதும் சென்ற ஆண்டு நடந்தது நினைவுக்கு வருகிறது. ஒரு போர்ஷே பாக்ஸ்டர் உரிமையாளர் இதே குறையுடன் வந்தபோது, “நீலம், இயல்பானது, ஓட்டுங்கள்” என்று தீர்ப்புச் சொன்னவர் இதே உருளைராசன். மூன்று வாரங்களில் பிரிப்பான் முற்றாகக் கிழிந்து, நெடுஞ்சாலையின் இரண்டு பாதைகளைப் புகையால் மூடி அந்த மனிதர் நின்றார். அன்றைக்கு இந்தப் பேரறிஞர் ஒரு வாரம் தளத்துக்கே வரவில்லை.

உருளைராசன்:
அன்று என் மகளின் திருமணம். அந்தக் காரின் புகையும் நீலமாகத்தான் இருந்தது. நிறத்தில் நான் தவறவில்லை. ஓட்டலாமா கூடாதா என்பது வேறு கேள்வி, அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

நெய்தல்நிலத்தான்:
எஞ்சினின் இடைத்தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பேரிங்கை மாற்றிவிட்டாரா என்று எவரும் கேட்கவில்லையே? எம்96 என்றாலே எனக்கு முதலில் அந்தப் பயம்தான் வரும்.

உருளைராசன்:
இந்த எஞ்சினைப் பற்றி எவர் எதைக் கேட்டாலும் ஒருவர் வந்து ஐ.எம்.எஸ். என்று சொல்லிவிட்டுப் போவது சடங்காகிவிட்டது. அந்த பேரிங் உடைந்தால் எஞ்சின் போகும். ஆனால் அது புகை விடாது. இங்கே பேசப்படுவது புகை, குறிப்பாக நீலப் புகை.

கராஜ்த்தம்பி:
வெள்ளைப் புகை.

ஆமைவேகம்:
பெரியவர்களே, நேற்று மாலை மீண்டும் ஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் வரவில்லை. எண்ணெய் மூடி சற்று இறுக்கமாக இருந்ததுபோல் தோன்றியது, ஆனால் எது இயல்பான இறுக்கம் என்று எனக்குத் தெரியாது. மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போல் மஞ்சளும் வெள்ளையும் கலந்த பசை ஒட்டியிருந்தது. இது கூலன்ட் கலந்ததற்கான அடையாளமா?

கராஜ்த்தம்பி:
பாருங்கள், வெள்ளை! கூலன்ட்டும் எண்ணெயும் கலந்தால் இப்படித்தான் ஆகும்.

அளவுகோல்:
கலந்தாலும் அப்படியாகும், கலக்காமலும் ஆகும். குளிர்நாட்டில் குறுந்தூரம் மட்டும் ஓடும் கார்களில், எஞ்சின் போதிய அளவு சூடேறாததால் கிராங்க்கேஸில் படியும் நீர் ஆவியாகி வெளியேறாமல், எண்ணெய் ஊற்றும் குழாயின் கழுத்தில் இந்தப் பசையாகத் தங்குவதுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பதை நினைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை. ஐயமிருந்தால் கூலன்ட் அமைப்பை அழுத்தமேற்றி ஓரிரவு விட்டு அழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறதா என்றறிய, எக்ஸ்பான்ஷன் டேங்கின் வாயில் வைத்துச் சோதிக்கும் திரவம் கடைகளில் கிடைக்கும். வாயு இருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள்: எண்ணெய் எரிந்த பிளக் கறுத்து ஈரமாக இருக்கும், கூலன்ட் புகுந்தது கழுவியதுபோல் வெளுத்திருக்கும். கழற்றிய கையோடு சிறு கேமராவைச் செலுத்தி, சிலிண்டர்ச் சுவரில் கீறல் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள், அந்த 3.6 லிட்டர் எஞ்சினில் மானோமீட்டருக்கு அடுத்தபடியாக நான் செய்வது அதுதான்.

உருளைராசன்:
திரவமும் நீலம் என்பதைக் கவனிக்க.

கராஜ்த்தம்பி:
அது மஞ்சளாகும் என்று எழுதியிருப்பதையும் கவனிக்க. ஐயாவுக்கு ஒரு வாக்கியத்தின் முற்பாதி மட்டுமே கண்ணில் படுகிறது.

உருளைராசன்:
முற்பாதியையாவது படிக்கிறேன். ஐந்து மாதத்தில் ஒரு சொட்டுக் கூலன்ட்டும் குறையவில்லை, எண்ணெயோ ஒரு கோடு குறைந்திருக்கிறது என்று உரிமையாளர் தெளிவாக எழுதிய பிறகும், இல்லாத கூலன்ட்டை எரித்து வெள்ளைப் புகை எழுப்பும் வித்தையைத் தாங்கள்தான் விளக்க வேண்டும். நீராவி ஓரிரு மீட்டரில் காற்றில் கரைந்து காணாமல் போகும். காணொளியிலோ புகை வேலியோரம் வரை சென்று, கார் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பின்னும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. தொங்கும் புகை எண்ணெய்ப் புகை. எண்ணெய்ப் புகை நீலம். ஆமைவேகம் அவர்களே, அடுத்த முறை புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு கறுப்பு மட்டையை நிறுத்திப் படமெடுத்து அனுப்புங்கள்.

கராஜ்த்தம்பி:
கறுப்பு மட்டை வைத்தால் எந்தப் புகையும் நீலமாகத்தான் தெரியும் என்பதை அவரே மேலே எழுதிவிட்டார். வெள்ளை மட்டையை வையுங்கள்.

உருளைராசன்:
‘எந்தப் புகையும்’ என்று நான் எழுதவில்லை. ‘எண்ணெய்ப் புகை’ என்று எழுதினேன். வெள்ளை மட்டையில் வெள்ளைப் புகையை எப்படிப் பார்ப்பீர்கள் என்பதையும் அறிய ஆவலாக உள்ளேன்.

அளவுகோல்:
மட்டை வேண்டாம். மானோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தாழ்ந்த பக்கச் சிலிண்டர்களில்தான் தேங்கும் என்பதால், ஒரு முறை காரைத் திருப்பி, வலப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி நிறுத்தியும் பாருங்கள்.

ஆமைவேகம்:
அளவுகோல் சொன்னபடி நேற்றிரவு காரைத் திருப்பி நிறுத்தினேன். இன்று அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்குப் புறப்படும்போது ஸ்டார்ட் செய்தேன். கொஞ்சம் புகை வந்தது என்று நினைக்கிறேன். எரிந்த மணமும் இருந்தது. முன்றல் விளக்கு பழுதாகிவிட்டதால் நிறம் தெரியவில்லை.

உருளைராசன்:
எரிந்த மணம் என்றால் எண்ணெய். இருட்டில் தெரியவில்லை என்பதற்காக அது நீலமில்லை என்றாகிவிடாது.

கராஜ்த்தம்பி:
இனிப்பு மணமா, கசப்பு மணமா என்று அவர் இன்னும் எழுதவில்லை. இனிப்பென்றால் கூலன்ட். நான் காத்திருக்கிறேன்.