மறுமொழி: ‘அசாம்பிளாஜ்’ – கலவையா, கூட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒயின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் ‘அசாம்பிளாஜ்’ (பல ஒயின்களை அளவு பார்த்துச் சேர்த்து ஒன்றாக்கும் பிரெஞ்சு முறை) பற்றியும் மற்றச் சில சொற்கள் பற்றியும் வந்த கருத்துகளுக்கு இது என் பதில்.

> ‘அசாம்பிளாஜ்’ என்பதற்குக் ‘கலவை’ போதும். பல திராட்சைகளின் ஒயினைக் கலக்கிறார்கள், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் நானும் ‘கலவை’ என்றே எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘அசாம்பிளாஜ்’, ‘கூப்பாஜ்’. இரண்டாவதில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. 2009இல் வெள்ளை ஒயினையும் சிவப்பு ஒயினையும் சேர்த்து ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) தயாரிக்க அனுமதிக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தபோது, ரோஸேக்குப் பெயர்பெற்ற தென் பிரான்சின் புரொவான்சுப் பகுதி உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஜூனிலேயே ஆணையம் பின்வாங்கியது. அந்தச் சண்டையில் அடிபட்ட சொல் ‘கூப்பாஜ்’. ஷாம்பேன் வட்டாரத்திலோ வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பைச் சேர்த்து ரோஸே செய்வது பழைய வழக்கம். அங்கே அதற்குப் பெயர் ‘அசாம்பிளாஜ்’. செயல் ஒன்றுதான், மதிப்புத்தான் வேறு. (யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுவது பிரான்சில் மட்டும் நடப்பதில்லை.) ஆகவே ‘கலப்பு’, ‘கலவை’ இரண்டையும் கூப்பாஜுக்கு விட்டுவிடுவோம். கலப்படத்தின் நிழல் அவற்றின் மேல் ஏற்கெனவே விழுந்திருக்கிறது.

அசாம்பிளாஜில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக அமையும். பிரான்சின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கில், கூர்த்தெசோன் ஊரில் இருக்கும் ஷாத்தோ தெ போக்காஸ்தெல் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1909 முதல் பெரென் குடும்பத்தின் வழியில் வரும் தோட்டம் அது. அந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற ஷாத்தோநெஃப்-தியு-பாப் ஒயினுக்கு மரபாக 13 திராட்சை வகைகள் அனுமதி பெற்றவை: கிரெனாஷ், முர்வேத்ர், சிரா, கூனுவாஸ், சின்சோ, வாக்கரேஸ், தெரே நுவார், முஸ்கார்தென், பிக்பூல், பிக்கார்தான், கிளெரெத், ரூசான், பூர்புலங்க். நிற வேறுபாடுகளைத் தனித்தனியாக எண்ணி 2009 விதி 18 என்கிறது. பெரும்பாலான தோட்டங்கள் கிரெனாஷையே நம்பியிருக்க, போக்காஸ்தெல் பதின்மூன்றையும் வளர்க்கிறது.

வளர்ப்பதோடு முடியவில்லை. ஒவ்வொரு வகையையும் தனியே பறித்து, தனியே நொதிக்க வைக்கிறார்கள். கிரெனாஷ் காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும் இனம். அதற்கு உட்புறம் பூச்சிட்ட சிமென்ட் தொட்டி. முர்வேத்ரும் சிராவும் காற்றைத் தாங்கும், கொஞ்சம் கேட்கவும் செய்யும். அவற்றுக்கு ஓக் மரத் தொட்டி. மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதிப்பும் முடிந்த பிறகுதான் குடும்பத்தினர் உட்கார்ந்து சுவைத்து, எதை எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். சேர்த்ததைப் பெரிய ஓக் பீப்பாய்களில் ஓராண்டு வைத்துப் பிறகே புட்டியில் அடைக்கிறார்கள்.

போக்காஸ்தெலின் வழக்கமான சிவப்பு ஒயினில் கிரெனாஷும் முர்வேத்ரும் ஏறத்தாழ 30 விழுக்காடு வீதம் இருக்கும். கிரெனாஷ் உடலையும் (வாயில் உணரும் கனத்தையும்) சூட்டையும் தரும், முர்வேத்ர் துவர்ப்பையும் நீண்ட ஆயுளையும் தரும், கூனுவாஸ் ஒரு மிளகுக் காரத்தையும் புத்துணர்வையும் கொண்டுவரும். 1989இல் முதன்முதலாக வெளிவந்த, மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டுமே உருவாகும் ‘ஓமாஜ் ஆ ழாக் பெரென்’ ஒயினில் முர்வேத்ரே பெரும்பங்கு. விகிதத்தை மாற்றினால் வேறு ஒயின். அந்த விகிதம்தான் தோட்டத்தின் கையெழுத்து.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் கூட்டு. வினை: கூட்டுதல். செய்பவர்: கூட்டுநர்.

> ‘கூட்டு’ என்றால் பூசணிக்காய்தான் நினைவுக்கு வரும். சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ‘குழம்பு கூட்டி வை’ என்று சமையற்கட்டில் சொல்வதில் அளவு, வரிசை, கைப்பக்குவம் மூன்றும் அடங்கியிருக்கின்றன. வாசனைக் கூட்டிலும் மருந்துக் கூட்டிலும் அப்படியே. ‘கலக்கு’ என்பதில் அது இல்லை. குழப்பம் வந்தால் ‘ஒயின் கூட்டு’ என்று எழுதலாம். ‘இயைபு’ அழகான சொல்தான். ஆனால் வேதியியலில் ‘வேதி இயைபு’ ஊன்றிவிட்டது, யாப்பிலும் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

> ‘ஒயின்’ எதற்கு? ‘தேறல்’ இருக்கிறதே.

யவனர் கொண்டுவந்த தண்கமழ் தேறலைப் புறநானூறு பாடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தேறல் என்பது தெளிந்த கள், தேன்மது எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். திராட்சையிலிருந்து மட்டும் வருவதைச் சுட்ட ‘ஒயின்’ பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

ஒரே வகையில் செய்ததற்குத் ‘தனிவகை ஒயின்’ என்ற முன்மொழிவு நன்று. போக்காஸ்தெலின் பழைய கொடிகளிலிருந்து வரும் ரூசான் வெள்ளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ரூசான் மட்டுமே.

மற்றொன்று, உணவோடு பொருத்துவதற்கு. ‘இணையுணவு’ என்றால் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுக்கும் உணவு என்று படிக்கிறவர் நினைப்பார். ‘சேர்மானம்’ என்கிறேன். உடம்புக்குச் சேரும், சேராது என்று பேசும் நமக்கு இது விளங்கும். முர்வேத்ர் மிகுந்த கூட்டுக்கு ஆட்டிறைச்சி வறுவலும், ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகும் ‘தோப்’ என்ற புரொவான்சு மாட்டிறைச்சிக் குழம்பும் சேர்மானம்; துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் பிணைந்து மென்மையாகிவிடுகிறது. ரூசானுக்குச் சிங்கி இறாலோ பாலேடு சேர்த்த கோழியோ. பச்சை மிளகாய் அரைத்த எதற்கும் அந்தச் சிவப்பு சேராது: 14 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹால் காரத்தை இன்னும் எரியவைக்கும்.

பட்டியலில் இப்படி ஏற்றலாமா என்று சொல்லுங்கள்: அசாம்பிளாஜ் – கூட்டு, கூப்பாஜ் – கலப்பு, உணவுப் பொருத்தம் – சேர்மானம். ‘கூட்டுநர்’ காதுக்கு உறுத்துகிறது என்றால் ‘கூட்டுவோர்’ எனக்குச் சம்மதம். ‘கலவை’ மட்டும் வேண்டாம்.

அன்புடன்.