மறு: ஸ்கிரீனிங் – திரையிடலா, சல்லடையா?

> ஈட்டிங் டிசார்டர் – உணவுக் கோளாறு. ஸ்கிரீனிங் – திரையிடல். குடும்ப மருத்துவர் கையேட்டில் இப்படியே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. 'உணவுக் கோளாறு' என்றால் ராத்திரி தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். கோளாறு உணவில் இல்லை, உண்பதில் இருக்கிறது. 'உண்ணல் கோளாறு' என்போம். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்சியாவைப் 'பசியின்மை' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அவர்களில் பலருக்கு நன்றாகவே பசிக்கும். அதை அடக்குவதுதான் நோய்.

ஸ்கிரீனிங் என்பது நோய் இருக்கலாம் என்று ஐயப்படவேண்டியவர்களை முதலில் பிரித்தெடுப்பது. திரையிடல் சினிமாவுக்கு இருக்கட்டும். முகாம் சுவரொட்டிகளில் வரும் 'கண்டறிதல்' அதைவிட மோசம். உண்ணல் கோளாறுக்கான ஸ்கிரீனிங்குக்கு 1999இல் லண்டனில் வெளிவந்த ஸ்காஃப் (SCOFF) வினாநிரலில் ஐந்தே கேள்விகள். இரண்டுக்கு 'ஆம்' என்றால் ஐயம். தென்மேற்கு லண்டனில் இரண்டு குடும்ப மருத்துவ நிலையங்களுக்கு வந்த 341 பெண்களிடம் அதைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் இருந்த 13 பேரில் 11 பேர் சிக்கினர். நோயில்லாத 328 பேரில் 34 பேரும் சிக்கினர். ஆக, சிக்கிய 45 பேரில் முக்கால்வாசிக்கு நோயே இல்லை. இருவர் நழுவியும் போனார்கள். இதைக் 'கண்டறிதல்' என்றால் அந்த 34 பேர் மேல் முத்திரை குத்துகிறோம்.

என் பரிந்துரை 'சல்லடைச் சோதனை'. மாவு சலிக்கையில் கண் சிறிதானால் நல்ல மாவும் மேலே தங்கும், பெரிதானால் கப்பியும் இறங்கிவிடும். ஒரே ஒரு 'ஆம்' போதும் என்று வரம்பைத் தளர்த்தினால் நேர்வது முதலாவது. மூன்று வேண்டும் என்றால் இரண்டாவது. 'தங்கியவர்', 'தாண்டியவர்' என்ற இரு சொற்களும் கூடவே கிடைத்துவிடுகின்றன.

தங்கியவருக்கு அடுத்தது 'உறுதி மதிப்பீடு': எடை, உயரம், நாடி, உடல் வெப்பம், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈசிஜி, பொறுமையான உரையாடல். நாடி 40க்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவமனை. ரத்த முடிவு சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. கடும் பட்டினியிலும் அது சரியாகவே இருக்கலாம். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) மட்டும் பார்ப்பவர் புலிமியாவை, அதாவது அளவின்றி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் கோளாறை, தவறவிடுவார். அந்த நோயாளிகளில் பலருக்கு எடை இயல்பாகவே இருக்கும்.

---

> என் பரிந்துரை 'சல்லடைச் சோதனை'

பொருள் பொருந்துகிறது டாக்டர். ஆனால் செய்தித்தாளில் போலீஸ்தான் 'சல்லடை போட்டுத் தேடுகிறது'. ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறவர் காதில் அது எப்படி விழும்? 'சலித்தல்' என்று சுருக்கினால் அலுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. 'முன்னறிதல்' சரிவருமா?

---

முன்னறிதலில் ஜோசிய வாடை அடிக்கிறது அம்மா. வரப்போவதைச் சொல்வதுபோல் ஆகிவிடும். போலீஸ் விஷயம் நியாயம்தான். சல்லடை கையேட்டோடு நிற்கட்டும். நோயாளியிடம் 'எல்லாரிடமும் கேட்கும் ஐந்து கேள்விகள்' என்றால் போதும்.

சொல்லைவிட எனக்குக் கவலை அந்தக் கேள்விகளின் தமிழ்தான். 'வாந்தி வருகிறதா?' என்று கேட்டால் பித்தக்காரர் எல்லாம் ஆம் என்பார். 'வயிறு முட்டிவிட்டதே என்று நீங்களாக வாந்தி எடுப்பதுண்டா?' என்று இருக்கவேண்டும். 'உணவில் கட்டுப்பாடு இழந்தீர்களா?' என்றால் நம்மவருக்குச் சர்க்கரைப் பத்தியம் மீறியதுதான் நினைவுக்கு வரும். 'எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போய்விட்டதோ என்று கவலையா?' என்று மாற்றியிருக்கிறேன். மூலத்தில் மூன்று மாதத்தில் ஒரு ஸ்டோனுக்கு மேல் எடை குறைந்ததா என்று இருக்கிறது. ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, 6.35 கிலோ, 'ஆறு கிலோவுக்கு மேல்' என்று எழுதலாம். மீதி இரண்டு (பிறர் ஒல்லி என்றாலும் தன்னைக் குண்டு என்று நம்புவது, சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆள்வது) அவ்வளவு தொல்லை தரவில்லை.

மாற்றிய வடிவத்துக்கு லண்டன் எண்களை அப்படியே ஒட்டக்கூடாது. தமிழ் பேசும் நோயாளிகளிடம் புதிதாகச் சோதிக்கும்வரை பக்கத்தின் மேலே 'வரைவு' என்று போட்டுவிடுங்கள்.